பேரம் நடக்கும்போதே ஒருத்தர் அம்பு விட்டால் ஜிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) என்ன செய்யணும்?

சுரங்கவாசி

ஸ்பாய்லர் இருக்கு. 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்' இனிமேல்தான் ஆடப்போறீங்கன்னா இதோட நிறுத்திக்குங்க.

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுத்தி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டரா பகடை உருட்டி ஆடற கதை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பின் 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த அட்வென்ச்சர் அது. முதல் குகையிலேயே ஒரு பஞ்சாயத்து இருக்கு. யீமிக் என்ற கோப்ளின் (குட்டி அரக்கன்), கைதியா கட்டிப்போட்ட சில்டார் ஹால்விண்டரை 10 அடி மேட்டின் விளிம்புக்கு இழுத்துட்டு வந்து, சமாதானத்துக்கு வர்றீங்களா, இவனைக் கொல்லவான்னு மிரட்டுறான். தன் தலைவன் கிளார்க்கைத் தீர்த்துக்கட்டினால் சில்டாரை விடறேங்கறது பேரம்.

நாலு ப்ளேயர்னு வைங்க. மூணு பேர் பேசிட்டிருக்காங்க. நாலாவது ஆள், ரோக் (பதுங்கி அடிக்கிற திருடன் கேரக்டர்) ஆடறவர், "நான் யீமிக் மேல அம்பு விடறேன்"ங்கறார். மத்த மூணு பேரும் "டேய் வேணாம்"னு கத்தறாங்க. இங்க ஜிஎம் என்ன செய்யணும்?

என் கட்சி இது: அம்பு விட்டது விட்டதுதான். ப்ளேயர் கையில் இருக்கிறது ஒரே ஒரு கேரக்டர். உலகம், கோப்ளின், வானிலை எல்லாம் ஜிஎம் கையில். அந்த ஒரே கேரக்டரின் கையையும் பிடிச்சு நிறுத்தினால் அவருக்கு மேசையில் என்ன மிச்சம்? பகடையை உருட்டு, விளைவைக் காட்டு, மேல போ.

நாலாம்பகடை

ஒரு ப்ளேயர் தேர்ந்தெடுக்கிற உரிமை பத்திப் பேசறீங்க, சரி. மத்த மூணு பேரும் ஏற்கெனவே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து நடத்திட்டு இருந்தாங்களே, அது தேர்வு இல்லையா? பேச்சுவார்த்தை முடிய நிமிஷக்கணக்கில் ஆகும். அம்பு விடறேன்னு சொல்ல ரெண்டு நொடி போதும். "சொன்னது நடந்தது"ன்னு வச்சா எப்பவும் வன்முறைதான் ஜெயிக்கும், ஏன்னா அதைச் சொல்றதுதான் சுலபம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் கதையா மேசை மாறிடும்.

ப்ளேயர் சொல்றது செயல் இல்லை, செய்ய நினைக்கிறதோட அறிவிப்பு. ஜிஎம் "ஆமா, அது நடக்குது"ன்னு சொன்ன பிறகுதான் அது உலகத்தில் நடக்கும். அந்த இடைவெளி எல்லா ஆட்டத்திலும் இருக்கு. அதைப் பயன்படுத்துங்கன்னுதான் சொல்றேன்.

விதிப்பிரியன்

தத்துவத்துக்கு முன்னாடி விதியைப் பார்க்கலாமா? ரெண்டு பேரும் ஒரு படியைத் தாண்டிட்டீங்க. சண்டை இல்லாத நேரத்தில் "அம்பு விடறேன்"னு சொன்னா அம்பு பறக்காது. இனிஷியேட்டிவ் (யார் முதலில் செய்யறாங்கங்கறதுக்கான உருட்டல்) உருட்டணும், அறிவிச்சவருக்கு இலவச அடி கிடையாது. 2014 விதிப்படி ஆபத்தைக் கவனிக்காதவன்தான் சர்ப்ரைஸ் ஆவான். ஆயுதம் தாங்கின நாலு பேரை முறைச்சுப் பார்த்துட்டு நிக்கிற யீமிக் ஆகமாட்டான். 2024 திருத்தத்தில் சர்ப்ரைஸ்னா இனிஷியேட்டிவ் உருட்டலில் டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு பகடை உருட்டி சின்னதை எடுக்கறது), அவ்வளவுதான்.

கணக்கு: ரோக்குக்கு டெக்ஸ் (சுறுசுறுப்பு) +3, கோப்ளினுக்கு +2. யார் முந்துவாங்கங்கறது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. யீமிக் முந்தினா சில்டார் கீழே.

ரோக் முந்தினாலும் சுகமில்லை. யீமிக்குக் கவசம் 15, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 12. மத்த கோப்ளினுக்கு 7தான், இவன் கூட்டத்துக்குப் பெரியவன். 20 முகப் பகடையில் +5 சேர்த்து 15 தொடணும், அடி பட 55%. மறைஞ்சு நிக்காம, பக்கத்தில் கூட்டாளியும் இல்லாம எய்தால் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் அடி) கிடையாது. ஷார்ட்போ (சின்ன வில்) 1டி6+3, அதாவது ஆறுமுகப் பகடை ஒண்ணோட 3, அதிகபட்சம் 9. கிரிட்டிகல் (பகடையில் 20) விழுந்தால் மட்டுமே ஒரே அம்பில் சாவான், அதுக்கு 1.4% வாய்ப்பு. மறைஞ்சிருந்து அட்வான்டேஜோட (ரெண்டு பகடையில் பெரியதை எடுத்து) எய்தால் சுமார் 29%.

சுரங்கவாசி

விதிப்பிரியன் சொன்னதை முழுசா ஒத்துக்கறேன். என் வாதத்துக்கு அது பலம்தான். இனிஷியேட்டிவ் இருக்கும்போது ஜிஎம் எதுக்கு நடுவர் வேலை பார்க்கணும்? மத்த மூணு பேரில் யாராவது முந்தினா ரோக்கின் கையைத் தட்டிவிடட்டும்.

இன்னொண்ணு. ரோக் சந்தேகப்பட்டது சரி! கிளார்க்கை முடிச்சுட்டு வந்த பிறகும் யீமிக் சில்டாருக்குப் பணயத்தொகை கேட்டு இழுப்பான்னு அட்வென்ச்சரிலேயே எழுதியிருக்கு. ஏமாத்துக்காரனை நம்பாத ஆளை மேசை சேர்ந்து அமுக்குது.

நாலாம்பகடை

அந்தக் கடைசிப் பாராவைத்தான் நானும் சொல்ல வந்தேன், ஆனா வேற பக்கத்திலிருந்து. ரோக் ப்ளேயர் தலைக்குள்ள ஒரு காட்சி ஓடுது: "இவன் ஏமாத்துவான், ஒரே அம்பில் விழுவான், சில்டாருக்கு ஒண்ணும் ஆகாது." மத்தவங்க தலைக்குள்ள வேற: "இவன் சொன்னபடி விடுவான், அம்பு விட்டா சில்டார் செத்தார்." சண்டை குணாதிசயம் பத்தினது இல்லை. நாலு பேரும் நாலு குகையைப் பார்த்துட்டு இருக்காங்க. அதைச் சரிபண்ண வேண்டியது ஜிஎம், ஏன்னா குகை ஜிஎம் வாயிலிருந்துதான் வருது.

அதனால் நான் சொல்ற வரிசை:

முதலில் கையைக் காட்டி நிறுத்து. "வில்லை வளைச்சுட்ட, நாண் இன்னும் விடலை. இந்த இடத்தில் உறையட்டும்." ரத்தும் ஆகலை, நடந்தும் முடியலை.

ரெண்டாவது, கேரக்டர் கண்ணுக்குத் தெரியறதை எல்லாம் சொல்லிடு. எண் வேண்டாம். "மத்தவனுங்களைவிட இவன் கட்டுமஸ்து. ஒரு அம்பில் விழுவான்னு தோணலை. ஒரு கை சில்டார் கழுத்துப் பட்டையில். சில்டார் அரைப்பட்டினியில், அடிபட்டு, நிக்கவே முடியாம இருக்கார். கீழே இன்னும் அஞ்சு பேர்." சில்டாருக்கு இருக்கிறது 1 ஹிட் பாயிண்ட். 10 அடி விழுந்தால் 1டி6, குறைஞ்சது 1. விழுந்தா பூஜ்யம்தான், தப்ப வழியில்லை. இது தெரியாம எடுக்கிற முடிவைத் தேர்வுன்னு நான் சொல்லமாட்டேன்.

மூணாவது, இன்சைட் (எதிராளி மனசைப் படிக்கிற திறன்). ஒரு கிளெரிக்குக்கு (பூசாரி கேரக்டர்) +5 இருக்குன்னு வைங்க, யீமிக் டிசெப்ஷன் (ஏமாத்தற திறன்) −1. எதிரெதிர் உருட்டினா கிட்டத்தட்ட 74% கிளெரிக் கண்டுபிடிச்சுடுவார். "இவன் பேரத்தை இத்தோட முடிக்கிற ஆள் இல்லை"ன்னு வெளியே வரட்டும். ரோக்கின் சந்தேகம் அப்போ மேசையின் சந்தேகம் ஆயிடும்.

அப்புறம் ரோக்கைப் பார்த்து "உனக்கு இதில் என்ன வேணும்?"னு கேள். பெரும்பாலும் பதில் "அம்பு விடணும்"னு இருக்காது. "இவனுங்ககிட்ட தலைகுனியக் கூடாது"ன்னு இருக்கும், இல்லேன்னா "அரை மணி நேரமா எனக்கு ஒரு வேலையும் இல்லை"ன்னு இருக்கும். ரெண்டாவது பதில் வந்தா தப்பு ஜிஎம் பக்கம்.

அதுக்கப்புறமும் விடறேன்னா, இனிஷியேட்டிவ். எனக்கும் ஆட்சேபம் இல்லை.

சுரங்கவாசி

பேரம் நடந்த இடத்தில் நீங்க ஒரு கருத்தரங்கம் நடத்தறீங்க. சட்டுனு கோபம் வர்ற ஆளை ஆடறவர் சட்டுனுதான் செய்யணும். "நிச்சயமா?"ன்னு ஜிஎம் கேட்டாலே எல்லாருக்கும் தெரியும், அது "வேணாம்"னு அர்த்தம். கேள்வி மாதிரி வேஷம் போட்ட தடை அது.

நாலாம்பகடை

"நிச்சயமா?" நான் எழுதவே இல்லையே. அதை நானும் வெறுக்கிறேன். தகவலே இல்லாத வெறும் மிரட்டல் அது. "சில்டார் விளிம்பில் நிக்கிறார், தள்ளினா பிழைக்கிறது கஷ்டம்"னு சொன்னா ப்ளேயருக்கு எடைபோட ஏதோ கிடைக்குது. ரெண்டும் ஒண்ணில்லை.

ரெண்டு_டி6

ஐந்தாம் பதிப்பை விட்டு வெளியே வந்து பார்த்தா இது இவ்வளவு கஷ்டமில்லை. 2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டும் 2012-ல் வந்த டஞ்சன் வேர்ல்டும் (வேற ரெண்டு கதை ஆட்டங்கள்) இதுக்குன்னே ஒரு மூவ் (செயலுக்கான விதி) வச்சிருக்கு: உதவு அல்லது குறுக்கிடு. டஞ்சன் வேர்ல்டில் ரோக்கோட உங்களுக்குள்ள பாண்ட் (கேரக்டர்களுக்கு நடுவில் எழுதின உறவு) எண்ணிக்கையைச் சேர்த்து 2டி6 உருட்டணும். 7 அல்லது அதுக்கு மேல வந்தா அவருடைய உருட்டலில் −2. ஆனா 7 முதல் 9 வரைன்னா நீங்களும் ஆபத்தில் மாட்டுவீங்க.

எண்ணில் சொன்னா: டெக்ஸ் +2 இருக்கிற திருடன் 'வாலி' (Volley, தூரத்திலிருந்து அம்பு விடற மூவ்) உருட்டினா சிக்கலில்லாத வெற்றி 42%. குறுக்கிட்டா 17%. அம்பை யாரும் தடுக்கலை, ஆனா நண்பன் கையைப் பிடிச்சதால் குறி தவறுது. ரெண்டு பேர் தேர்வும் கதையில் பதிவாகுது. பாண்ட் அதிகமா இருக்கிறவர்தான் நல்லாக் குறுக்கிட முடியும்ங்கறது அழகான விஷயம். நெருங்கின ஆளுக்குத்தானே தெரியும் நீ எப்போ கை நீட்டுவேன்னு.

விதிப்பிரியன்

அழகுதான். ஆனா அதை அப்படியே தூக்கி ஐந்தாம் பதிப்பில் வச்சா உடையும். அங்க குறுக்கிட ஆப்போஸ்டு ஸ்ட்ரெங்த் செக் (ரெண்டு பேரும் பலத்துக்கு எதிரெதிரா உருட்டறது)னு ஜிஎம் சொன்னா, +3 அத்லெட்டிக்ஸ் உள்ள ஃபைட்டர் பெரும்பாலும் ஜெயிப்பார், −1 இருக்கிற விஸார்டு (மந்திரவாதி) பெரும்பாலும் தோப்பார். பலசாலி கேரக்டர் வச்சிருக்கிற ப்ளேயர் மேசைக்கே வீட்டோ வாங்கிட்டார்னு அர்த்தம். பர்ஸ்வேஷன் (பேசி இணங்கவைக்கிற திறன்) உருட்டி இன்னொரு ப்ளேயர் மனசை மாத்தறது அதைவிட மோசம். பகடை சொன்னதுக்காக ஒருத்தர் தன் கேரக்டரை வேற மாதிரி ஆடணும்னா கசப்பு அந்த செஷனோட போகாது.

பழைய_பெட்டி

இதுக்கு டி அண்ட் டியோட 1981 பேசிக் செட்டிலேயே வழி இருக்கு, யாரும் படிக்கிறதில்லை. 'காலர்'. பார்ட்டி (கேரக்டர்களோட கூட்டம்) செய்யறதை ஒருத்தர் தொகுத்து டிஎம்கிட்ட (ஜிஎம்முக்கே இன்னொரு பேர்) சொல்லணும். மத்தவங்க நேராவும் சொல்லலாம், ஆனா காலர் வழியாப் போனா ஆட்டம் சீரா ஓடும். நாலு பேர் நாலு திசையில் கத்தினாலும் டிஎம் காதில் விழறது ஒரு குரல். அதோட எதிராளி எப்படி நடந்துக்குவான்னு 2டி6 ரியாக்ஷன் உருட்டலும் இருந்தது.

நாலாம்பகடை

காலர் மேப் போடறப்போ, கதவு திறக்கறப்போ நல்லா ஓடும். இப்படிப்பட்ட இடத்தில் அமைதியா உட்காருற ப்ளேயர் மொத்தமா காணாமப் போயிடுவார். சத்தமா பேசறவரையே காலரா போடுவாங்க, அது எழுதப்படாத விதி.

பழைய_பெட்டி

செஷனுக்கு ஒருத்தர்னு சுத்திவிடுங்க. தீர்ந்தது.

சுரங்கவாசி

சரி, நிறுத்திக் காட்சியைத் தெளிவாக்கறதை ஏத்துக்கறேன், ஒரு நிபந்தனையோட: ஒரு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. மத்தவங்க ரோக்குக்குப் புத்திமதி சொல்ற நேரமா அது மாறக்கூடாது. வாக்கெடுப்பும் கூடாது. மூணுக்கு ஒண்ணுன்னா எப்பவும் அந்த ஒண்ணு தோக்கும், அப்புறம் அவர் ஏன் வரணும்?

ஆனா விளைவு விஷயத்தில் பின்வாங்கமாட்டேன். இங்க ஜிஎம்கள் செய்யற பெரிய அநியாயம், அம்பை அனுமதிச்சுட்டு அப்புறம் பழிவாங்கறது. திடீர்னு பத்து கோப்ளின் வர்றது, ஊர் போய்ச் சேர்ந்தா யாரும் பேசமாட்டேங்கறது. குகையில் ஏற்கெனவே என்ன இருக்கோ அதுமட்டும்தான் விளைவு. அதுவே போதும்: கோப்ளின்கள் +4, 1டி6+2 அம்பு விட்டா முதல் லெவல் விஸார்டு ரெண்டு அடியில் படுத்துடுவார்.

விதிப்பிரியன்

சில்டாரையும் உடனே கொல்லாதீங்க. பூஜ்யத்துக்குப் போன என்பிசி (ஜிஎம் ஆடற கேரக்டர்) செத்தான்னு வைக்கிறது வழக்கம், ஆனா முக்கியமான ஆளுக்கு டெத் சேவ் (சாகாம தப்பிக்க உருட்டறது) கொடுக்க டிஎம்முக்கு விதி இடம் தருது. கிளெரிக் ஹீலிங் வேர்ட் (குணப்படுத்தற மந்திரம்) வச்சிருந்தா 60 அடியிலிருந்து போனஸ் ஆக்ஷனில் எழுப்பலாம். இல்லேன்னா பக்கத்தில் போய் மெடிசின் டிசி 10 (மருத்துவ உருட்டலில் 10 தொடணும்), உயிரையாவது நிறுத்தலாம். ஒரு கோப்ளின் குதிச்சு பக்கத்தில் நின்னு ஒரு வெட்டு வெட்டினா டெத் சேவில் ரெண்டு தோல்வி, அது தனிப் பதைபதைப்பு. பேரம் பேசினவங்களுக்கு இப்பவும் ஒரு வேலை இருக்கும், அவங்க தேர்வு குப்பைக்குப் போகலை.

ரெண்டு_டி6

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த மாதிரி தகராறுக்கு எக்ஸ் கார்டைத் தூக்காதீங்க. 2013-ல் ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் அதைக் கொண்டுவந்தது மேசையில் வர்ற விஷயம் ஒருத்தரைக் கஷ்டப்படுத்தினா நிறுத்த. "உன் திட்டம் எனக்குப் பிடிக்கலை"ன்னு காட்ட ஆரம்பிச்சா, உண்மையில் தேவைப்படறப்போ யாரும் மதிக்கமாட்டாங்க.

நாலாம்பகடை

ஆமா. ஒரு நிமிஷக் கெடுவும் சரி, சுரங்கவாசி. ஆனா செஷன் ஜீரோவிலேயே (ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி கூடிப் பேசறது) ஒரு வரி எழுதிடணும்: "மத்தவங்க நடத்திட்டிருக்கிற காட்சியை முடிக்கிற செயல்னா, அறிவிச்சதும் ஜிஎம் உறையவைப்பார்." முன்னாடியே சொன்னா ரோக்குக்கு அது தண்டனையாத் தெரியாது. ரோக்கை மட்டும் நிறுத்தவும் கூடாது. ரோக் மறைஞ்சு குறிவைக்கத் தயாராகிட்டிருக்கிறப்போ பார்ட் (பாடகன் கேரக்டர்) எழுந்து "பேசலாம் வாங்க"ன்னு கத்தினாலும் அதே உறையல்தான்.

சுரங்கவாசி

பார்டையும் நிறுத்துவீங்களா? அப்போ அந்த வரியை என் செஷன் ஜீரோ தாளில் சேர்த்துக்கறேன். வாக்கெடுப்பு கூடாதுங்கறதையும் கீழேயே எழுதறேன்.