பதில்: லைனர், குரூஸ் இரண்டுக்கும் ‘சொகுசுக் கப்பல்’ போதுமா?

கலைச்சொல் குழு நண்பர்களே, வணக்கம்.

போக்குவரத்து எப்படிச் சுற்றுலாவையும் பொழுதுபோக்குத் தொழிலையும் வளர்த்தது என்று விளக்கும் ஒரு பாடநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். மூலத்தில் அது சாதாரண வரி: ஒரு லைனர் (குறித்த வழியில் குறித்த நாளில் ஓடும் பயணிகள் கப்பல்) பின்னாளில் குரூஸ் கப்பலாக (கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பல்) மாறியது, அவ்வளவுதான். செய்தித்தாள்களில் புழங்கும் சொற்களைப் போட்டு எழுதினால் "சொகுசுக் கப்பல் சொகுசுக் கப்பலாக மாறியது" என்று வருகிறது. மாணவருக்கு இதில் என்ன விளங்கும்? அந்த அத்தியாயமே அந்த மாற்றத்தைப் பற்றியதுதான்.

> சொகுசுக் கப்பல் என்றால் எல்லாருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் புரிவது கப்பலின் வசதி மட்டும். டைட்டானிக்கில் இல்லாத சொகுசா? நீச்சல் குளம், துருக்கிக் குளியல், பெரிய படிக்கட்டு எல்லாம் இருந்தன. ஆனாலும் அது சௌத்தாம்ப்டனில் இருந்து நியூயார்க்குக்கு ஆட்களையும் தபாலையும் கொண்டுபோகக் கட்டிய கப்பல். அதன் கீழ்த்தளங்களில் மூன்றாம் வகுப்பில் போன நூற்றுக்கணக்கானவர்கள் பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்தவர்கள், அவர்களுக்கும் சொகுசுக்கும் தொடர்பே இல்லை. சொகுசு என்பது அளவைச் சொல்லும் சொல். நமக்கு வேண்டியது நோக்கத்தைச் சொல்லும் சொல்.

நோக்கம் எப்படி மாறியது என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லைனர்களுக்கு நேரம்தான் எல்லாம். 1952-இல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற கப்பல் அட்லாண்டிக்கை மூன்றரை நாளுக்கும் குறைவாகக் கடந்து சாதனை செய்தது, அதைப் பெரிய கொண்டாட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆறே ஆண்டுகள். 1958 அக்டோபரில் பிரிட்டனின் காமெட் விமானமும் அதே மாதம் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707-ம் அட்லாண்டிக் சேவையைத் தொடங்கின. ஏழெட்டு மணி நேரத்தில் அக்கரை. கப்பல் இனி எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயன் இல்லை. 1962-இல் ஓடத் தொடங்கிய ‘பிரான்ஸ்’ என்ற 316 மீட்டர் நீளக் கப்பலுக்குப் பிரெஞ்சு அரசு மானியம் கொடுத்துப் பார்த்தது, 1974-இல் அதுவும் நின்றது. கப்பல் துறைமுகத்தில் சும்மா கிடந்தது. 1979-இல் நார்வேக்காரர்கள் வாங்கி ‘நார்வே’ என்று பெயர் மாற்றி, நான்கு உந்துவிசிறிகளில் இரண்டைக் கழற்றிவிட்டு, 1980 முதல் மயாமியில் இருந்து கரீபியனுக்கு ஓட்டினார்கள்.

விசிறிகளைக் கழற்றியதைக் கவனியுங்கள். அந்தக் கப்பலுக்கு வேகம் தேவையே இல்லாமல் போய்விட்டது. ஒரு வாரம் கடலில் சுற்றிவிட்டுக் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும், சீக்கிரம் திரும்பினால் பயணிக்கு நட்டம். போய்ச் சேருவதற்காக ஓடிய கப்பல் ஓடுவதற்காகவே ஓடத் தொடங்கியது. என் பாடநூல் வரி சொல்ல வருவது இதைத்தான்.

இது ஜெட் விமானத்தோடு பிறந்த எண்ணமும் இல்லை. 1891 ஜனவரியில் ஆல்பர்ட் பாலின் என்ற ஹம்பர்க் கப்பல் நிறுவன நிர்வாகி, குளிர்காலத்தில் அட்லாண்டிக்குக்கு ஆள் வராததால் ‘அகஸ்டா விக்டோரியா’வை மத்தியதரைக் கடலுக்கு இரண்டு மாதச் சுற்றுக்கு அனுப்பினார். வேலை இல்லாத பருவத்தில் கப்பல் என்ன செய்வது என்ற கவலையில் முளைத்த யோசனை அது. நன்றாக ஓடியது. 1900-இல் இதற்கென்றே ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’ என்ற தனிக் கப்பலைக் கட்டி நீரில் இறக்கினார்கள்.

என் முன்மொழிவு இதுதான்:

லைனர் = தடக்கப்பல்
குரூஸ் கப்பல் = உலாக்கப்பல்
குரூஸ் = கடலுலா

லைனர் என்பதில் உள்ள லைன், குறித்த வழியில் குறித்த நாளில் ஓடும் கப்பல் தடம். பேருந்துக்கு வழித்தடம், தடம் எண் என்று நாம் சொல்வதேதான். உலாவில் போய்ச் சேரும் இடம் இல்லை. அரசனோ இறைவனோ உலா வருவது எங்கும் போய்ச் சேர அல்ல, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவார்கள்.

> ‘சுற்றுலாக் கப்பல்’ என்றே சொல்லிவிடலாமே, அதிலும் உலா இருக்கிறதே.

ஒரு தீவுக்குச் சுற்றுலா போகிறவர்களை ஏற்றி அக்கரையில் விடும் படகும் சுற்றுலாக் கப்பல்தானே? நம் வரைவுப் பட்டியலில் ‘சுற்றுலாப் போக்குவரத்து’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. சுற்றுலா இடத்துக்குக் கொண்டுபோய் விடும் வண்டியும் அதுதான், ஏறி உட்காருவதே சுற்றுலாவாக இருக்கும் வண்டியும் அதுதான். இதைப் பிரிக்காவிட்டால் இந்தத் துறையின் வரலாற்றைத் தமிழில் சொல்லவே முடியாது.

பிரிக்க எனக்குக் கிடைத்த சோதனை எளிது. சேருமிடத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் யாராவது அந்த வண்டியில் ஏறுவார்களா? ஏறினால் அது உலா.

1841 ஜூலை 5-இல் தாமஸ் குக் இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துப்போனார். சுற்றுலாத் தொழிலின் கதையை எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அந்த மக்கள் போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு. கூட்டம் இல்லை என்றால் ரயிலும் இல்லை. ஆகவே அது சுற்றுலாப் போக்குவரத்து, உலா ரயில் இல்லை. டாலிலின் ரயில்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸில் 1865-இல் கற்பலகை ஏற்றத் திறந்தது. பலகைக்கு வேலை போன பிறகு 1951-இல் தன்னார்வலர்கள் எடுத்து ஓட்டத் தொடங்கினார்கள், இன்று ஆட்கள் வருவது அந்தக் குட்டி நீராவி எஞ்சினில் போவதற்காகவே. அது உலா ரயில். 1681-இல் திறந்த பிரான்சின் மிடி கால்வாயில் முன்பு தானியமும் ஒயினும் போயின, இப்போது போவது உலாப்படகு.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பென்சில்வேனியாவின் மாக் சங்க். 1827-இல் சுரங்க நிலக்கரியை மலையில் இருந்து இறக்கப் போட்ட தண்டவாளம். வண்டிகள் தம் எடையிலேயே சரிவில் உருண்டு இறங்கும், கோவேறு கழுதைகள் காலி வண்டிகளை மேலே இழுத்துவரும். 1872-இல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை வந்ததும் நிலக்கரி அந்த வழிக்குப் போய்விட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கவில்லை. சரிவில் உருளும் சுகத்துக்காகவே மக்கள் காசு கொடுத்து ஏறினார்கள், 1930-கள் வரை ஏறினார்கள். 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் மரச்சட்டத்தில் கட்டிய சரிவு ரயில் இந்த வகையைச் சேர்ந்தது, இன்றைய ரோலர் கோஸ்டர் அந்த வழியில் வந்ததுதான். நிலக்கரி ஏற்றிய வண்டியின் வாரிசு கேளிக்கைப் பூங்காவில் நிற்கிறது! இந்தக் கதையைச் சொல்லத் தமிழில் ஒரு நல்ல சொல் வேண்டாமா?

பூங்கா என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் டிராம் நிறுவனங்களின் வண்டிகள் வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களால் நிறைந்தன, ஞாயிற்றுக்கிழமை வண்டி காலி. தடத்தின் கடைசியில் பூங்கா கட்டி ராட்டினம், நடன மேடை எல்லாம் வைத்தார்கள். கென்னிவுட் பூங்கா 1898-இல் அப்படி ஒரு டிராம் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது, இன்றும் இருக்கிறது. இவற்றுக்கு ‘தடமுனைப் பூங்கா’ என்று எழுதியிருக்கிறேன். இதில் தயக்கம் இல்லை, யாரும் மறுக்காவிட்டால் அப்படியே விடுகிறேன்.

குரூஸ் என்றே எழுதலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குரூஸ் ஏவுகணையை நாம் ‘சீர்வேக ஏவுகணை’ என்கிறோம். அங்கே அந்தச் சொல்லின் பொருள் ஒரே வேகத்தில் பறத்தல், இங்கே சுற்றித் திரிதல். ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டும் குழம்பும். டச்சு மொழியில் இதன் வேர் குறுக்கும் நெடுக்குமாகப் போதல், அதுவும் உலாவுதலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

-----

தம்பி,

மடலை இரண்டு முறை படித்தேன். சொகுசுக் கப்பலை விட்டுவிட வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் உலாவுக்கு நீங்கள் காட்டிய சான்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலா இலக்கியத்தில் வீதியில் வருகிறவன் பார்க்கிறவன் இல்லை, பார்க்கப்படுகிறவன். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் காண்கிறார்கள், அவன் எதையும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கப்பலில் போகிறவர் நேர்மாறு, அவர் பார்க்கப் போகிறார். சிற்றிலக்கியத்தைத் துணைக்கு அழைத்தால் மாணவர் தவறாகப் புரிந்துகொள்வார்.

இரண்டாவது, உலாவி என்றால் இன்று இணைய உலாவிதான் நினைவுக்கு வருகிறது. மூன்றாவது, ‘இன்பச் செலவு’ என்ற பழைய சொல்லாட்சியைப் பார்த்தீர்களா? செலவு என்றால் செல்லுதல், சங்கப் பாட்டில் தலைவன் செலவு அழுங்குவான், அதாவது பயணத்தைத் தள்ளிப்போடுவான். லைனருக்கு ‘வரிசைக் கப்பல்’ பொருந்துமா என்றும் யோசியுங்கள்.

-----

ஐயா, வணக்கம்.

பார்க்கிறவன், பார்க்கப்படுகிறவன் என்று நீங்கள் எழுதியதை நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் சொல்வது சரி. உலா இலக்கியத்தைச் சான்றாகக் காட்டியதை விட்டுவிடுகிறேன், விளக்கக் குறிப்பில் அது வராது.

ஆனால் சொல்லை விடமாட்டேன், வினையைப் பிடித்துக்கொள்கிறேன். மாலையில் கடற்கரையில் உலாவினேன் என்று ஒருவர் சொன்னால் எங்கே போனீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. உலாவுதலுக்கு இடம் உண்டு, சேருமிடம் இல்லை. எனக்கு வேண்டியது அந்தப் பொருள்தான், அது இலக்கிய வகையின் துணை இல்லாமலே பேச்சில் உயிரோடு இருக்கிறது.

இணைய உலாவி பற்றி: அந்தச் சொல் நிலைத்ததே எனக்குத் தெம்பு தருகிறது. ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்கு, குறி இல்லாமல் தாவிப் போகிறோம், அதனால் அது பொருந்தியது. உலாக்கப்பல் என்று கப்பலோடு சேர்த்துச் சொல்லும்போது குழப்பம் வர வழி இல்லை.

இன்பச் செலவு அழகான ஆட்சி. ஆனால் இன்றைய மாணவர் செலவு என்றால் பணத்தைத்தான் நினைப்பார், பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் கட்டணக் கணக்கு வேறு வருகிறது. வரிசைக் கப்பல் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் கப்பல்கள் கண்ணில் வருகின்றன. தடமே இருக்கட்டும் ஐயா.

அப்புறம், சோதனையை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். 2020 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவன விமானம் ஒன்று சிட்னியில் கிளம்பி, பவளப்பாறைத் திட்டுக்கும் உலூரு பெரும்பாறைக்கும் மேலே தாழப் பறந்து, ஏழு மணி நேரம் கழித்துச் சிட்னியிலேயே இறங்கியது. கொரோனாவால் எல்லைகள் மூடிக் கிடந்த காலம். இருக்கைகள் பத்தே நிமிடத்தில் விற்றுப்போயின. மற்ற நாட்களில் கண்டம் கடக்கும் அதே வகை விமானம், அன்றைக்கு மட்டும் வானுலா. ஆகவே தடமும் உலாவும் வண்டியின் உடம்பில் இல்லை, அதை ஓட்டும் நோக்கத்தில் இருக்கிறது. அதனால் ‘உலா ஊர்தி’ என்று வண்டி வகையாக எழுத நினைத்ததை மாற்றி, ‘உலாப் போக்குவரத்து’ என்று பொதுச்சொல் வைக்கிறேன். சேருமிடத்துக்குக் கொண்டுபோவது சுற்றுலாப் போக்குவரத்து, போவதே நோக்கமானது உலாப் போக்குவரத்து.

ஒரு சிக்கலும் தீர்ந்தது. சுற்றுலாப் புள்ளிவிவரத்துக்கான ஐநா வரையறையில், ஓர் ஊரில் இரவு தங்கினால்தான் சுற்றுலாப் பயணி, தங்காவிட்டால் அன்றே திரும்பும் வருகையாளர். கப்பலிலேயே தூங்குகிறவர் துறைமுகம் துறைமுகமாக இறங்கினாலும் அந்த ஊர்களின் கணக்கில் ஒருநாள் வருகையாளர்தான். சுற்றுலாக் கப்பல் என்று எழுதியிருந்தால் "சுற்றுலாக் கப்பலில் வருகிறவர் சுற்றுலாப் பயணி அல்லர்" என்று ஒரு வரி எழுத வேண்டி வந்திருக்கும். உலாக்கப்பல் என்றால் அந்த முரண் இல்லை.

ஃபெர்ரிக்கு மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஈழத்தில் கடல்நீரேரியைக் கடத்தி விடும் மிதவையைப் ‘பாதை’ என்பார்கள். சாலை நின்ற இடத்தில் நீர்மேல் தொடர்வதால் அதுவே பாதை, எவ்வளவு பொருத்தம்! ‘பாதைக் கப்பல்’ என்று எழுதினால் ஈழத்து வாசகர் காதுக்கு இயல்பாக இருக்குமா என்று அங்குள்ள நண்பர்கள் சொன்னால் சேர்த்துவிடுவேன்.

பாடநூல் வரியை இப்படி எழுதி அனுப்புகிறேன்: "1962-இல் அட்லாண்டிக்கைக் கடக்க வந்த தடக்கப்பல், 1980-இல் கரீபியனில் உலாக்கப்பலாக ஓடத் தொடங்கியது."