பால்மாவு விளம்பர மீறல்களைப் பதிவு செய்ய உதவி தேவை

நண்பர்களே, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை குறித்து உலக சுகாதாரப் பேரவை 1981-இல் ஏற்ற நெறிமுறையை வைத்து மீறல்களைத் தொகுக்கிறோம். பொதுமக்களுக்கு விளம்பரம், தாய்மாருக்கு இலவச மாதிரி, கடையில் தள்ளுபடி, டப்பாவில் குழந்தைப் படம் ஆகியவை கூடாது என்பது அதில் தெளிவு. இவற்றைப் பிடிப்பது எளிது.

சிக்கல் வேறிடத்தில். உலக சுகாதார அமைப்பின் 2016 வழிகாட்டுதலின்படி 36 மாதம் வரையிலான குழந்தைகளுக்கென விற்கப்படும் பால்களும் இதில் அடங்கும். ஆனால் ஒரு வயதுக்கு மேற்பட்டோருக்கான டப்பாவை, கைக்குழந்தைகளுக்கான டப்பாவின் அதே நிறம், அதே சின்னத்தோடு, வயது நிலையைக் காட்டும் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டு விளம்பரம் செய்கிறார்கள். பார்ப்பவர் மனதில் பதிவது கைக்குழந்தை டப்பாதான். இதை நிரூபிக்க இரண்டு டப்பாக்களையும் பக்கத்தில் வைத்து, எல்லாப் பக்கங்களும் தெரியப் படம் வேண்டும். முன்பக்கம் மட்டும் எடுத்தால் எச்சரிக்கை வாசகம் இருக்கிறதா என்றே சொல்ல முடியாது. பலர் செய்யும் தவறு இது. டப்பாவின் தொகுதி எண்ணையும் (பேட்ச் நம்பர்) விட்டுவிடாதீர்கள்.

இணையத்தில் வரும் ஸ்டோரிகள் 24 மணி நேரத்தில் மறையும். ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கின் பெயர், தேதி, தள்ளுபடிக் குறியீடு மூன்றும் தெரியட்டும். குறியீடு இருந்தால் வணிகத் தொடர்பைக் காட்டுவது சுலபம். ஒரு தாய் காசு வாங்காமல் தன் அனுபவத்தை எழுதினால் அது மீறல் ஆகாது, அனுப்ப வேண்டாம்.

கேள்வி இதுதான்: நேரலை விற்பனை வீடியோக்களை இணைய முகவரி, நேரத்தோடு சேமிக்க நம்பகமான வழி யாருக்காவது தெரியுமா?