புது ஆர்டரா, பழைய ஆர்டரா: ஜாங்கோவில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிக்பீல்ட்ஸ்வாசி: கேட்டரிங் கடைக்கு ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) ஆர்டர் சிஸ்டம் செய்கிறேன். புது ஆர்டருக்கு மட்டும் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் போகணும், முகவரி திருத்தினால் போகக்கூடாது. ஆர்டரைச் சேமிக்கும் சேவ் மெத்தடில் பிகே (பிரைமரி கீ, ஒவ்வொரு ஆர்டருக்கும் உள்ள அடையாளம்) காலியா, அதாவது ஆர்டர் புதுசா என்று பார்த்தேன், ஒரு மெசேஜும் போகவில்லை. பிகே யூயூஐடி, அதாவது எண்வரிசையில் வராத நீளமான தனி ஐடி. சேவ் முடிந்ததும் ஜாங்கோ அனுப்பும் போஸ்ட்_சேவ் சிக்னலுக்கு மாறிவிடலாமா?

பட்டர்வொர்த்_கோடர்: மாறிவிடுங்க பாஸ். யூயூஐடிக்கு டிஃபால்ட் கொடுத்திருப்பீர்கள், டேட்டாபேஸைத் தொடுவதற்கு முன்பே பிகே நிரம்பிவிடும், அப்புறம் எங்கே காலியாக இருக்கும்? சிக்னலில் கிரியேட்டட் என்று, புதுசு என்றால் ட்ரூ, பழசு என்றால் ஃபால்ஸ் தானாகவே வரும்.

செந்தூல்_சீனியர்: சிக்னல் வேண்டவே வேண்டாம். நாளைக்குக் கோடைப் படிக்கிறவன் மெசேஜ் எங்கிருந்து போகிறது என்று ஃபைல் ஃபைலாகத் தேடுவான். பழைய ஆர்டர்களைக் காலி டேட்டாபேஸில் லோட்டேட்டாவால் (ஃபைலிலிருந்து டேட்டா ஏற்றும் கமாண்ட்) ஏற்றிப் பாருங்கள், அப்போதும் சிக்னல் ஓடும், கிரியேட்டட் ட்ரூ, இப்படி ஏற்றும்போது ட்ரூவாக வரும் ரா என்ற ஆர்குமென்ட்டைப் பார்த்துத் தடுக்காவிட்டால் போன வருஷத்து வாடிக்கையாளருக்கெல்லாம் மெசேஜ் போகும். சேவுக்குள்ளேயே _ஸ்டேட்.ஆடிங் பாருங்கள், போதும்; இன்னும் டேட்டாபேஸில் ஏறாத புதுசு என்றால் அது ட்ரூ. ஜாங்கோவின் அசல் சேவை, அதாவது சூப்பர் சேவைக் கூப்பிடும் முன்பே அதை ஒரு வேரியபிளில் எடுத்து வையுங்கள், பிறகு பார்த்தால் ஃபால்ஸ்தான்.

பட்டர்வொர்த்_கோடர்: கோலாலம்பூர்காரர்களுக்கு எதையும் சுற்றித்தான் செய்யணும். தைப்பூச வாரத்து ஆர்டர்களை எக்செலிலிருந்து மொத்தமாக பல்க்_கிரியேட்டில் ஏற்றினால் உங்கள் சேவ் ஓடுமா?

செந்தூல்_சீனியர்: ஓடாது. உங்கள் சிக்னலும் வராது, இதில் என்ன பெருமை? அதனால்தான் ஆர்டர் பதிவுக்குத் தனி ஃபங்ஷன் எழுதி, சேவ் செய்வதையும் மெசேஜ் அனுப்புவதையும் அதற்குள் வைப்பது எனக்கு இன்னும் பிடிக்கும்.

பட்டர்வொர்த்_கோடர்: அட்மின் பக்கத்தில் யாராவது ஆர்டர் போட்டால் அந்த ஃபங்ஷன் பக்கமே வராதே.

செந்தூல்_சீனியர்: அட்மினில் சேவ் செய்யும்போது ஓடும் சேவ்_மாடல் இருக்கிறது, சேஞ்ச் ஃபால்ஸ் என்றால் புதுசு. அங்கிருந்து கூப்பிடுங்கள். எந்த வழியில் போனாலும் மெசேஜை, டேட்டாபேஸில் பதிவு உறுதியான பிறகே ஓடும் டிரான்சாக்ஷன்.ஆன்_கமிட்டில் போடுங்கள். இல்லாவிட்டால், நடுவில் எரர் வந்து பதிவு ரத்தாகி ரோல்பேக் ஆனால், கல்யாண வீட்டுக்காரருக்கு "ஆர்டர் உறுதி" என்று மெசேஜ் போயிருக்கும், டேட்டாபேஸில் ஆர்டரே இருக்காது.

பட்டர்வொர்த்_கோடர்: ஆன்_கமிட் சரி. ஆனால் ஜாங்கோவோடு வரும் யூசர் மாதிரி நம்முடையதில்லாத மாடலுக்கு (டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ்) சேவை எங்கே போய் மாற்றுவீர்கள்? அங்கே சிக்னல்தான்.

செந்தூல்_சீனியர்: அங்கே வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? இவர் கேட்டது சொந்த மாடல்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி: அட்மினில் ஆர்டர் போடுவது கடைக்கார அக்கா மட்டும்தான், அதனால் ஃபங்ஷனும் சேவ்_மாடலும் போதும். எக்செல் ஆர்டர்களுக்கு மெசேஜ் வேண்டுமா என்று அவரிடம்தான் கேட்கணும்.