கண்டிச் சேமக்காலையில் ஒரு காலைநேரம்

கண்டிக்குப் போகிற நம் ஆட்கள் தலதா மாளிகையோடும் வாவியோடும் திரும்பிவிடுகிறார்கள். மாளிகைக்குப் பக்கத்தில், தேசிய நூதனசாலைக்குப் பின்னால் ஒரு சின்ன ஏற்றம் ஏறினால் பிரிட்டிஷ் படையினரின் பழைய சேமக்காலை வரும். வன்னியில் ஒட்டுசுட்டானிலிருந்து வான் பிடித்துப் போன எங்கள் கூட்டத்தில், "சுத்திப் பாக்க வந்த இடத்தில சவக்காலைக்கோ?" என்று பெரியப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

1817இல் தொடங்கிய இடம். ஏறக்குறைய 195 பேர் அடக்கம். பராமரிப்பாளர் ஐயா ஒவ்வொரு கல்லாகக் கூட்டிப்போய், யார் எப்படிச் செத்தார் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவின் மகன் எங்களுக்குத் தமிழில் சொன்னான்.

மக்ளாஷன் என்றொரு இளம் கப்டன். வாட்டர்லூ போரில் தப்பியவரை இங்கே நுளம்பு விடவில்லை. மழையில் நனைந்துகொண்டு திருகோணமலையிலிருந்து கண்டிக்கு நடந்து வந்து, 1817இல் காய்ச்சலில் போய்விட்டார். மலேரியா என்றதும் எங்கள் பெரிசுகள் தலையாட்டினார்கள். வன்னியில் அந்தக் குளிர்நடுக்கத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. நாட்டில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே 2016இல்தான்.

அடுத்தது ரொபர்ட்சன், 1856. இலங்கையில் காட்டுயானை அடித்து இறந்ததாகப் பதிவான ஐரோப்பியர்களில் ஏழாவது ஆள், கடைசி ஆளும் அவர்தானாம். ஐயா இதை நல்ல ரசனையோடுதான் சொன்னார், பக்கத்தில் நின்ற வெளிநாட்டுச் சோடி சிரித்தது. "ஏழே ஏழு பேர்தானோ, மோனை?" என்று கேட்டார் பெரியம்மா. இரவில் யானை விரட்டுகிற வெடி கேட்டு விழிக்கிற ஊரிலிருந்து போனவர் வேறு என்ன கேட்பார்?

உயரமான தூணின் கீழ் ஜோன் டொயிலி என்ற பிரிட்டிஷ் அதிகாரி கிடக்கிறார். கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போன 1815 ஒப்பந்தத்தின் பின்னணியில் வேலை பார்த்த மூளை அவருடையது. 1824இல் இறந்தார். அவர் பதவியிழக்க வைத்த கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கோ சமாதி கடல் கடந்து வேலூரில்.

என்னை அதிகம் நிறுத்தியது மக்வுட் என்ற தோட்டக்காரரின் கல். 1867இல் குதிரையிலிருந்து இறங்கும்போது, கோப்பிக் கன்று நட அடையாளத்துக்குக் குத்தியிருந்த கூர்க்கம்பு பாய்ந்து இறந்தாராம். சரி, அந்தக் கம்புகளைக் குத்தியது யார்? தமிழகத்திலிருந்து வள்ளத்தில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, எங்கள் பக்கத்துக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த சனங்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழிநெடுக விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். துரைக்குச் சாவின் காரணம்கூடப் பதிவில் இருக்கிறது. அந்தச் சனத்துக்குக் கல் இல்லை, பெயரும் இல்லை. இதை ஐயாவிடம் கேட்கச் சொன்னேன். அக்காவின் மகன் கேட்டான். அவர்களைப் பற்றித் தன்னிடம் எந்தப் பதிவும் இல்லை என்றார். நேர்மையான பதில்தான், ஆனாலும் எனக்கு அது போதவில்லை.

சிறுபிள்ளைகளின் கல்லறைகளும் நிறைய உண்டு. அங்கே பெண்கள் யாரும் அதிகநேரம் நிற்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: தனியாகச் சுற்றாதீர்கள். கல்லில் பெயரையும் திகதியையும் பார்த்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். கதை முழுக்க அந்த ஐயாவிடம்தான். ஆங்கிலம் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். எங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வாசலில் நின்ற பெரியப்பாவும் யானைக் கதைக்கு உள்ளே வந்துவிட்டார்.