பலியும் சகுனமும்: கிரேக்கத் தளபதிகளுக்குப் பக்தியா, உத்தியா?

வடதிசை:
கிரேக்கத்தில் பிளாட்டியா போர்க்களம், கி.மு. 479. பாரசீக அம்புகள் விழுந்துகொண்டிருக்க, கிரேக்கத் தளபதி பவுசானியாஸ் தன் ஸ்பார்ட்டாக்காரர்களை அணியில் உட்காரவைத்து, சகுனம் பார்க்க விலங்குகளைப் பலி மேல் பலி கொடுக்கிறார். சகுனம் சரியில்லையாம். கூட்டாளிகளான தெகியா நகரத்தார் எழுந்து முன்னே பாய்கிறார்கள். அதே நேரத்தில் சகுனமும் கூடிவிடுகிறது! தாக்க ஏற்ற நொடிக்குக் காத்திருந்தார், அவ்வளவுதான். பலி வெறும் சாக்கு.

கல்தச்சன்:
அந்தச் 'சாக்கு'க்காக ஆட்கள் செத்தார்கள். காலிக்ரட்டீஸ் என்ற ஸ்பார்ட்டா வீரர் அணியில் உட்கார்ந்த இடத்திலேயே அம்பு பட்டு, பிறகு செத்தார். அதைவிடத் தெளிவான சான்று கருங்கடல் கரையிலுள்ள கல்பே, கி.மு. 400. பாரசீகத்திலிருந்து திரும்பும் கிரேக்கக் கூலிப்படையின் தளபதி செனோபன், புறப்படலாமா என்று நாளுக்கு மூன்று முறை வரை பலி கொடுக்கிறார். சகுனம் ஒப்பவில்லை. தானியம் தீர்கிறது. ஆடும் தீர்ந்து, வண்டி மாடுகளை வாங்கி அறுக்கிறார்கள். அப்போதும் படை நகரவில்லை. பொறுமையிழந்த இன்னொரு தளபதி நெயோன் சுமார் 2,000 பேரோடு உணவு தேடிப் போக, பாரசீக ஆளுநர் பார்னபாசஸின் குதிரைப்படை 500 பேருக்குக் குறையாமல் வெட்டித் தள்ளியது. நடிப்புக்காக யாராவது பட்டினி கிடப்பார்களா?

வடதிசை:
கதையை அங்கேயே நிறுத்திவிட்டீர்களே! நெயோன் மாட்டிக்கொண்ட செய்தி வந்ததும் செனோபன் என்ன செய்தார்? வண்டியிலிருந்து ஒரு மாட்டை அவிழ்த்து அறுத்துவிட்டு மீட்கக் கிளம்பினார். காலையில் 'கூடாது' என்ற தெய்வம் மதியம் மனம் மாறியதா?

கல்தச்சன்:
அவை இரண்டும் வேறு வேறு சடங்கு, ஐயா. பாசறையில் பலி விலங்கின் ஈரலைப் பார்ப்பார்கள். ஈரலில் துருத்தி நிற்கும் மடல் இல்லையென்றால் கெட்ட சகுனம், பயணம் ரத்து. இறைச்சியைச் சமைத்தும் உண்பார்கள். சண்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கழுத்தை அறுப்பதோடு சரி, சமையல் கிடையாது. செனோபன் செய்தது இரண்டாவது.

தேடலன்:
இருவரும் படைவீரர்களை மறந்துவிட்டீர்கள். செனோபன் அங்கே ஒரு நகரம் கட்டத்தான் குறிசொல்பவரைக் கையில் போட்டுக்கொண்டார் என்று அவர்களே சந்தேகப்பட்டார்கள். குறி பார்க்கத் தெரிந்த எவரும் பலியின்போது வந்து நிற்கலாம் என்று அவர் அறிவிக்கவேண்டியதாயிற்று. ஈரலைச் சுற்றி அத்தனை கண் இருந்தால் எவ்வளவு ஏமாற்றிவிட முடியும்?

வடதிசை:
ஈரலில் முடியாது, விளக்கத்தில் முடியும். கி.மு. 388-இல் எதிரியான ஆர்கோஸ் நாட்டுக்குள் புகுந்த ஸ்பார்ட்டா மன்னர் அகெசிபோலிஸின் முகாமில் நிலநடுக்கம். வீரர்கள் திரும்பிவிடலாம் என்றார்கள். அவரோ, 'நுழையும் முன் நடுங்கியிருந்தால் தடை. நுழைந்தபின் நடுங்கினால் ஊக்கம்' என்று சொல்லி முன்னேறினார்.

கல்தச்சன்:
அதே படையெடுப்பில் பிறகு மடலில்லாத ஈரல் வந்ததும் ஊர் திரும்பியவரும் அதே அகெசிபோலிஸ்தான். அதற்கு ஏன் விளக்கம் சொல்லித் தப்பிக்கவில்லை?