தெரிந்த ஃபோர் லூப்பிலேயே ஓட்டுவதா, நிறுத்திப் படிப்பதா?

வாவிக்கரை:
களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். நெல் மில் ஒன்றுக்கு பைதானில் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நெல் வாங்கிய துண்டு ஒவ்வொன்றுக்கும் கமக்காரர் பட்டியல் ஃபைலைத் திறந்து, மேலிருந்து கீழாக அடையாள அட்டை இலக்கத்தைத் தேடி, யாருக்கு எவ்வளவு என்று காட்டும். எனக்குத் தெரிந்த ஃபோர் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), இஃப் (இப்படியென்றால் இதைச் செய் என்பது) இரண்டையும் வைத்து ஒரு பின்னேரத்தில் முடித்தது. இப்போது வெள்ளாமை வெட்டு, துண்டு 5,000ஐத் தாண்டிவிட்டது, பட்டியலில் 3,000 பேர், கணக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது, பணத்துக்கு வந்த சனம் வெயிலில் நிற்கிறது. நண்பர் பாண்டாஸ் (அட்டவணைக் கணக்குக்கான பைதான் தொகுப்பு) படி, கிளாஸ் (தரவையும் அதற்கான வேலைகளையும் ஒன்றாகக் கட்டும் முறை) எழுது என்கிறார். இரண்டு தரம் தொடங்கி விட்டுவிட்டேன். என்ன செய்யலாம்?

அக்கரைப்பற்றான்:
தம்பி, பாண்டாஸ் இருக்கட்டும். 5,000 தரம் 3,000 வரி வாசித்தால் ஒன்றரைக் கோடி வரி, பிழை அங்கேதான். ஃபைலை ஒரே தரம் வாசித்து, இலக்கத்தைக் கீயாக வைத்து டிக்ஷனரியில் போடுங்கள், கீயைக் கொடுத்தால் தேடாமலே அந்த ஆளின் விபரத்தை நேரே எடுத்துத் தரும். உள் லூப்பே தேவைப்படாது. இன்று இரவு இதை மட்டும் படியுங்கள், மற்றது வெட்டு முடிந்த பிறகு.

கல்முனை வாசி:
வேகம் சரி, எனக்கு அதைவிடப் பயம் கொப்பி பேஸ்ட். ஈரப்பதத்துக்குக் கழிக்கும் கணக்கை நான் ஏழு ஃபைலில் ஒட்டி வைத்திருந்தேன். வீதம் மாறியபோது ஆறில் திருத்தினேன், ஒன்று விடுபட்டது. ஒரு போடியார் இரண்டு பில்லைக் கொண்டுவந்து மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார், ஒரே நெல், இரண்டு தொகை. அன்றிரவே ஃபங்ஷன், அதாவது கணக்கை ஒரே இடத்தில் பெயர் வைத்து எழுதி வேண்டிய இடத்தில் கூப்பிடுவது, எழுதப் பழகினேன். கிளாஸ் இல்லாமல் இன்னும் கனகாலம் ஓடலாம், ஃபங்ஷன் இல்லாமல் ஓட முடியாது. அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

வாவிக்கரை:
டிக்ஷனரி போட்டாயிற்று, கண் மூடித் திறக்க முன் கணக்கு வருகிறது, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஆனால் நாற்பது பேர் வரை பட்டியலில் இல்லை என்கிறது. துண்டில் பழைய இலக்கம், பட்டியலில் புதியது.

அக்கரைப்பற்றான்:
இலங்கை அடையாள அட்டையில் பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு எழுத்தும், 2016இல் வந்த புதியது 12 இலக்கம். எழுத்தை எடுத்துவிட்டு முன்னுக்கு 19, பழையதின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம், அவ்வளவுதான். அப்புறம், இதை ஃபங்ஷனாகவே எழுதுங்கள், பட்டியல் வாசிக்கும் இடத்திலும் துண்டு வாசிக்கும் இடத்திலும் கூப்பிட வேண்டிவரும்.