பூவேலை செய்த பழைய வின்செஸ்டர் மாடல் 70: கூடுதல் விலை கொடுக்கலாமா?

மலையோரன்
வணக்கம். பென்சில்வேனியாவில் இருக்கிறேன். நவம்பர் கடைசியில் மான் சீசன் தொடங்குவதற்குள் ஒரு பழைய ரைஃபிள் வாங்க ஆசை. பக்கத்து ஊர் துப்பாக்கிக் கடையில் வின்செஸ்டர் மாடல் 70 ஒன்று வந்திருக்கிறது. .30-06 தோட்டா போடுவது, ஸ்டாண்டர்ட் கிரேடு, சீரியல் எண்படி 1953இல் செய்தது. எல்லோரும் தேடுகிற ‘பிரீ-64’தான், அதாவது 1964க்கு முந்தைய தயாரிப்பு. இதே ரகம், வேலைப்பாடு இல்லாதது, அதே கடையில் 1,200 டாலருக்கு நிற்கிறது. இதற்கு 2,100 கேட்கிறார்கள். ரிசீவரில் (பேரல் வந்து பொருந்தும் உலோக உடல்) இலைக்கொடி, மேகசினுக்கு அடியில் திறக்கும் ஃப்ளோர்பிளேட்டில் ஒரு மான், மானுக்குக் கீழே பழைய உரிமையாளரின் இனிஷியல். “வெட்டுக் கூலியே அப்போது 1,500 ஆச்சு” என்கிறார் கடைக்காரர். கூடுதல் 900 நியாயமா? இனிஷியலைத் தேய்த்து எடுக்க முடியுமா?

திண்ணைக்காரன்
பழைய நகையை விற்கப் போனால் செய்கூலியைத் திருப்பித் தருவார்களா? அதே கதைதான். அதிலும் இது பேர் வெட்டின சொம்பு.

உளிச்சத்தம்
நகைக் கணக்கு முக்கால்வாசி சரி. மீதி, யார் வெட்டியது என்பதில் இருக்கிறது. வின்செஸ்டர் தொழிற்சாலையிலேயே அல்ரிக் குடும்பத்தார் வெட்டிய பழைய துப்பாக்கிகளும், நியூயார்க் கிரிஃபின் அண்ட் ஹவ் பட்டறையில் செய்து வந்த ரைஃபிள்களும் அந்த வேலைக்காகவே விலை போகும். உங்களுடையதில் கையொப்பமோ பழைய பில்லோ உண்டா என்று கேளுங்கள்.

அப்புறம் ஒரு பத்து மடங்கு லூப் எடுத்துப் போங்கள், நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அதுவே போதும். கை உளி போட்ட கோடு வளைவில் அகன்று நுனியில் மெலியும், உள்சுவர் பளிச்சென்று இருக்கும். லேசர் வேலை என்றால் ஆழம் ஒரே சீராக, அடி சொரசொரப்பாகத் தெரியும்.

விலையை அதிகம் அடிப்பது பூவேலை இல்லை, அதற்காகச் செய்த பாலிஷ். பெரும்பாலும் பழைய புளூயிங்கை, அதாவது உலோகத்தின் நீலக்கறுப்புப் பூச்சை, எடுத்துவிட்டு வெட்டுவார்கள், பிறகு புதிதாக ஏற்றுவார்கள். 1953இன் அசல் பூச்சு அதோடு போயிற்று, அசலைத் தேடுகிற சேகரிப்பாளர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பேரலில் வின்செஸ்டர் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, திருகுத் துளைகளின் வாய் குழிந்திருக்கிறதா பாருங்கள். ரிசீவரின் வலப்பக்கம் சீரியல் எண் முழுசாகத் தெரிய வேண்டும். அழித்த எண்ணோடு துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்காவில் குற்றம். அதில் சந்தேகம் இருந்தால் பேரமே பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

இனிஷியலைத் தேய்க்காதீர்கள், தகட்டில் பள்ளம் விழும். நல்ல வேளை, ஃப்ளோர்பிளேட் தனிப் பாகம், பழைய ஸ்டீல் தகடு ஒன்று தேடி மாட்டிவிடலாம். தெரியாமல் எடை குறைந்த ரகமான ஃபெதர்வெயிட்டின் அலுமினியத் தகட்டை வாங்கிவிடாதீர்கள்.

ஈரோட்டான்
விலை இருக்கட்டும், என்ன விசா? கிரீன் கார்டு என்றால் சிக்கல் இல்லை. எச்-1பியில் இருந்தால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. துப்பாக்கி வாங்கும்போது நிரப்புகிற 4473 படிவத்திலேயே கேட்பார்கள்.

மலையோரன்
கிரீன் கார்டு, லைசென்ஸும் இருக்கிறது.

லூப்போடு போய் வந்தேன். இலைக்கொடி கை வேலைதான், நன்றாகவே இருக்கிறது. மான் வேறு யாரோ வெட்டியது போல, முன்னங்கால் இரண்டும் ஒட்டி மூன்று கால் மாதிரி தெரிகிறது! கையொப்பம் இல்லை, பில் இல்லை. சீரியல் தெளிவு. ஆனால் பேரல் எழுத்து, பக்கத்தில் நிற்கிற 1,200 டாலர் துப்பாக்கியோடு வைத்துப் பார்த்தால், சோப்பில் அழுத்தின முத்திரை தேய்ந்தது மாதிரி இருக்கிறது.

உளிச்சத்தம்
சந்தேகமே இல்லை, மறு புளூயிங். இனி இது சுடுவதற்கான துப்பாக்கி, அலமாரிக்கு இல்லை. பூவேலை இல்லாததைவிடக் குறைத்துக் கேளுங்கள். நானாக இருந்தால் 900இல் ஆரம்பிப்பேன். பேரலுக்கு உள்ளே பார்த்தீர்களா?

மலையோரன்
பார்த்தேன், வரிப்பள்ளம் கூர்மையாக, துருவில்லாமல் இருக்கிறது. 900 என்றதும் கடைக்காரர் சிரித்தார். நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார், 1,000க்கு முடிந்தது. பழைய உரிமையாளர் விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்துவைத்தது அல்ல, கடையே வாங்கிப் போட்ட சரக்காம், அதனால் இறங்கி வந்தார். பழைய தகடு தேடிக்கொண்டிருக்கிறேன்.

உளிச்சத்தம்
மான் தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள், விற்கும்போது கூடவே கொடுக்க வேண்டியது.

திண்ணைக்காரன்
மூன்று கால் மானைப் படம் எடுத்துப் போடுங்கள் முதலில்.